நூலகச் சுவரில் நம்மவர் ஓவியங்கள்

(பிரேசர் டவுனில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் பேச வேண்டுமென்று செயலாளர் அவர்கள் நம்மைக் கேட்டபொழுது, "திருக்குறள், சிலப்பதிகாரம் ஏதேனும் ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். நாமோ எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்துக்கொண்டு, தந்தையார் மறைவுக்குப் பின் அவர் பணியாற்றிய ரயில்வேயிலேயே குமாஸ்தாவாக அமர்ந்தோம். தமிழ் கற்ற பெருமக்கள் வீற்றிருக்கும் இவ்வவையில் நாம் குறளுக்கு உரை சொல்லப் புகுவது, ஸ்டேஷன் மாஸ்டர் எதிரில் போர்ட்டர் பச்சைக்கொடி காட்டுவது போலாகும். ஆகவே நாம் கண்ணால் கண்ட ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி வேண்டினோம். சென்ற ஆண்டு தை மாதம் நம் பகுதி ஓவியர் எழுவரின் படங்கள் ஒரு பொது நூலகத்தின் சுவரில் பத்து நாள் தொங்கின அல்லவா? அதைத்தான் சொல்லப் போகின்றோம். அதில் ஒரு சொற்பொழிவுக்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். நாமும் முதலில் அப்படியே எண்ணினோம்.

ஓவியங்களைப் பொது இடத்தில் வைத்துப் பலரும் காணச் செய்வது மேனாட்டார் நமக்குக் கற்பித்த வழக்கம் என்று கூறுவோர் உளர். சங்க நூலாகிய பரிபாடலைப் புரட்டிப் பார்த்தால் அவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். திருப்பரங்குன்றத்தைப் பாடும் ஒரு பாடலில், முருகனை வழிபட மலைக்கு வரும் மதுரை மக்கள் அங்குள்ள எழுத்துநிலை மண்டபத்தைக் காண்கின்றனர். அம்மண்டபத்தில் காமனும் இரதியும் எழுதப்பட்டிருக்கின்றனர். பூனை வடிவெடுத்த இந்திரனும், அகலிகையும், கௌதமனும் எழுதப்பட்டிருக்கின்றனர். ஒருவர் படத்தைச் சுட்டி இது யாது என்று வினவ, அறிந்தவர் விளக்கம் சொல்கின்றார். இக்காலத்துக் கலைக்கூடத்தில் நிகழ்வதும் இதுவே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அம்மண்டபத்துக்கு வந்தவருள் எவரும் ஓவியம் காண்பதற்கென்றே வீட்டைவிட்டுப் புறப்பட்டவர் அல்லர். அவர்கள் சாமி கும்பிட வந்தவர்கள். வந்த இடத்தில் சுவர் இருந்தது, சுவரில் படம் இருந்தது, நின்று பார்த்தார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேட்குமாறு வேண்டுகின்றோம்.

காண்பவரின்றி மறைந்து கிடந்த ஓவியமும் நம் நாட்டில் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட நடையில், பிற்காலத்தார் தீட்டிய படங்களின் கீழ், சோழர் காலத்து ஓவியங்கள் பல நூற்றாண்டுகள் ஒளிந்திருந்தன. 1931-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி என்னும் அறிஞர் கண்டறிந்த பின்னரே உலகம் அவற்றை அறிந்தது. கற்சுவர் ஆதலால் அவை பிழைத்தன. கட்டிலுக்கு அடியில் தகரப்பெட்டியில் கிடக்கும் காகிதத்துக்கு அத்தனை ஆயுள் ஏது? நம் காலனியில் அப்படி ஒரு பெட்டி இருந்தது.

அப்பெட்டிக்கு உடையவர் எழுபது வயதைக் கடந்தவர். தம் பெயரை மேடையில் சொல்லலாகாது என்று நம்மிடம் கண்டிப்பாகக் கூறியிருக்கின்றார். எனவே பெரியவர் என்றே குறிப்பிடுவோம். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய தந்தையார் தூரிகையும் வண்ணடப்பாவுமாக ஜோலார்பேட்டை வழியே ரயிலேறி இங்கு வந்தவர். அந்த ரயில்பாதை 1864-இல் கண்டோன்மெண்ட் வரை போடப்பட்டது. நம்மவருள் பாதிப் பேருடைய குடும்ப வரலாறு அப்பாதையில்தான் தொடங்குகிறது. பெரியவரும் தந்தையாரின் தொழிலையே மேற்கொண்டு, நாற்பதாண்டுகள் கடைப்பலகைகள் எழுதினார்.

பிரேசர் டவுனில் பலகை எழுதுவது எளிய காரியம் அன்று. 1898-ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கிய பின்னர், நெருக்கடியில் வாழ்ந்த மக்களைக் காற்றோட்டமான இடத்தில் குடியேற்றும் பொருட்டு அமைக்கப்பட்டது இப்பகுதி. ஸ்டூவர்ட் பிரேசர் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் பெயரை இதற்கு இட்டார்கள். பல மதத்தவரும் பல மொழியினரும் ஆதியிலிருந்தே கலந்து குடியேறியமையால், மாஸ்க் ரோட்டில் ஒரே தெருவில் கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலம் ஆகிய நான்கு எழுத்துகளும் வேண்டியிருந்தன. பெரியவர்க்கு உருது வாசிக்கத் தெரியாது. கடைக்காரர் காகிதத்தில் எழுதித் தருவதைப் பார்த்து, வலமிருந்து இடமாக வரைவார். ஒரு புள்ளி தவறினாலும் பொருள் மாறிவிடும் என்பதால், முடித்தவுடன் தெருவில் செல்லும் முஸ்லிம் பெரியவர் ஒருவரை நிறுத்தி, "ஐயா, இதைச் சற்று வாசித்துச் சொல்லுங்கள்" என்று கேட்பாராம். கடையின் பெயரே அவர் வாயில் வந்துவிட்டால் ஏணியை மடக்கிவிடலாம்.

பிறகு பிளெக்ஸ் வந்தது. கையால் நான்கு நாளில் எழுதும் பலகையை இயந்திரம் நான்கு நிமிடத்தில் அச்சிட்டுத் தள்ளியது. அதன்மேல் யாருக்கும் கோபம் கொள்ள உரிமையில்லை. நம் அலுவலகத்திலும் லெட்ஜர்கள் சென்று கணிப்பொறி வந்தபொழுது நாம் யாரும் லெட்ஜருக்காக அழவில்லை. எனினும் பெரியவர் கையில் தூரிகை இருந்தது; வேலை இல்லை. அப்பொழுதுதான் அவர் இப்பகுதியின் பழைய வீடுகளை நீர்வண்ணத்தில் எழுதத் தொடங்கினார். ஓடு வேய்ந்த முகப்பும், சன்னலுக்குமேல் கூரிய மரச்சட்டங்களைத் தொப்பிபோல் கவிழ்த்த அமைப்புமாகச் சில வீடுகள் இன்னும் இருக்கின்றனவே, மங்கி டாப் என்பார்கள், அவ்வகை வீடுகள். எந்த வீட்டில் இடிப்பதற்காகத் தகரம் அடைத்திருக்கின்றார்களோ, அந்த வீட்டின் எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்துவிடுவார். அறுபதுக்கு மேல் எழுதினார், எவருக்கும் காட்டவில்லை. வீடு மாறும் நாளில் பெட்டியைத் தூக்கிய அவர் மகன் நம்மிடம், "சார், இதைப் பழைய பேப்பர்க்காரனிடம் போட்டுவிடலாமா?" என்று கேட்டான். நல்ல பிள்ளைதான், அவனுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. திறந்து பார்த்தால் கரையான் முந்திக்கொண்டிருந்தது. எஞ்சியவை இருபத்துமூன்று.

இவற்றை மக்கள் காணச் செய்ய வேண்டும் என்று நமக்கு அன்றிரவே தோன்றிற்று. எங்கே காட்டுவது என்பதுதான் கேள்வி.

பெங்களூரில் ஓவியர்க்கு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குமாரகிருபா சாலையில் கர்நாடக சித்திரகலா பரிஷத்தார் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுக்கு ஒரு நாள் சித்திரச் சந்தை நடத்துகின்றனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் தெருவோரத்தில் படங்களை விரித்து வைக்க, நகரமே அங்குத் திரள்கிறது. மிக நல்ல ஏற்பாடு. ஆயினும் பெரியவரை அங்கு அழைத்தபொழுது, "அத்தனைக் கூட்டத்தில் நான் வேறு எதற்கு?" என்று மறுத்துவிட்டார்.

கஸ்தூர்பா சாலையில் வெங்கடப்பா கலைக்கூடம் இருக்கிறது. மைசூரில் 1886-இல் பிறந்த வெங்கடப்பா, நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவால் கல்கத்தா சென்று அவனீந்திரநாத தாகூரிடம் பயின்றவர்; உதகமண்டலத்து மலைகளையும் மூடுபனியையும் நீர்வண்ணத்தில் எழுதியவர்; வீணை சேஷண்ணாவிடம் வீணையும் கற்றவர். அவர் 1965-இல் மறைந்தார். அவர் பெயரால் 1975-இல் திறக்கப்பட்ட அக்கூடத்தில் அவருடைய படைப்புகளோடு, மற்ற ஓவியர்கள் தம் படங்களை வைப்பதற்கும் அறைகள் அமைந்தன. எளிய ஓவியர்க்கும் எட்டக்கூடிய கட்டணத்தில் அவை கிடைத்து வந்தமையால், நகரத்து இளைஞர் பலர்க்கு அதுவே முதல் மேடையாயிற்று. 2015-ஆம் ஆண்டில் மாநிலச் சுற்றுலாத் துறை இக்கூடத்தை ஒரு தனியார் அறக்கட்டளையின் பொறுப்பில் புதுப்பிக்க ஒப்பந்தம் செய்தது. கட்டடம் அழகு பெறும் என்றனர் ஒரு சாரார். அழகு பெற்ற பின் எங்களுக்கு அங்கு இடம் உண்டா என்று கேட்டனர் ஓவியர்கள். அவர்கள் கூடிப் படம் எழுதியும், பாடியும், ஊர்வலம் சென்றும் எதிர்ப்புத் தெரிவித்த பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் நீதிபதி அல்லேம். கூரை ஒழுகும் கூடத்தைச் செப்பனிட எவரேனும் முன்வருவது குற்றமாகாது. ஆனாலும் அந்த ஓவியர்களின் அச்சம் நமக்குப் புரிகிறது. ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டி ஒன்றைக் குறைத்து, அவ்விடத்தில் குளிர்சாதனப் பெட்டி ஒன்றைச் சேர்த்தால் வண்டி அழகாகத்தான் இருக்கும். நின்றுகொண்டு வருபவர் எங்கே போவார்?

தமிழ்நாட்டில் கே. சி. எஸ். பணிக்கர் இதே இடர்ப்பாட்டை வேறு வகையில் தீர்த்தார். சென்னை ஓவியப் பள்ளியைச் சார்ந்த கலைஞர்கள் துணிகளில் பாட்டிக் முறையில் சித்திரம் தீட்டி விற்று, அப்பணத்தைக் கொண்டு கடற்கரையோரத்தில் நிலம் வாங்கினர். 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமம் எழுந்தது. அவர்கள் அனைவரும் தேர்ந்த கலைஞர்கள், சேர்ந்து உழைத்தனர். நம் காலனியில் எழுவர் சேர்ந்தால் நிலம் வாங்க முடியாது. ஆறடிப் பாய்தான் வாங்கலாம்.

அப்பொழுதுதான் நூலகம் நினைவுக்கு வந்தது. வரக் காரணம் சீர்காழி ரங்கநாதன் அவர்கள். நூலகவியலின் தந்தை என்று நாடு போற்றும் எஸ். ஆர். ரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்து, சென்னையில் கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் என்பதை நம்மவர் அறிவர். 1957 முதல் 1972-இல் மறையும் வரை அவர் வாழ்ந்தது நம் பெங்களூரில் என்பதைப் பலர் அறியார். 1962-இல் ஆவணப்படுத்தல் பயிற்சி நிலையத்தை இந்நகரில்தான் தொடங்கினார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலில் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் எங்கோ இருக்கின்றார், இருவரையும் சந்திக்கச் செய்வதே நூலகரின் பணி என்பது அவற்றின் கருத்து. அதே ஆண்டில் மன்னார்குடிக்கு அருகிலுள்ள மேலவாசலில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பும் முயற்சியையும் அவர் தொடங்கி வைத்தார். புத்தகத்தை வண்டியேற்றி மக்களிடம் அனுப்பியவர், மக்கள் தாமே வந்து அமரும் அறையில் ஒரு படத்தை மாட்டுவதை மறுத்திருப்பாரா? படத்துக்கும் அதற்குரிய கண் எங்கோ இருக்கிறதன்றோ?

நூலகச் சுவர் நமக்கு அயலாருடையதும் அன்று. 1965-ஆம் ஆண்டுக் கர்நாடகப் பொது நூலகச் சட்டத்தின் வழியே, சொத்துவரி நூறு ரூபாய்க்கு ஆறு ரூபாய் வீதம் நூலக வரி வசூலிக்கப்படுகிறது. வீடுடையவர் நேரே செலுத்துகின்றார்; குடியிருப்பவரிடம் அது வாடகையில் ஒளிந்து வருகிறது. கப்பன் பூங்காவில் செந்நிறத்தில் நிற்கும் சேஷாத்திரி ஐயர் நினைவு மண்டபத்து நூலகமாயினும், சந்து மூலையில் உள்ள கிளை நூலகமாயினும், அதில் ஒரு செங்கல் நம்முடையது.

ஆனால் செங்கல் உரிமை வேறு, ஆணி உரிமை வேறு என்பதை விரைவில் கற்றோம். நாமும் நண்பர் இருவரும் ஒரு நூலகத்துக்குச் சென்று விண்ணப்பம் கொடுத்தோம். எந்த நூலகம் என்று கூறுவது முறையன்று. "கண்காட்சிக்கு விதியில் இடமில்லை" என்றார் அங்கிருந்த அலுவலர். "தடை இருக்கிறதா?" என்றோம். "தடையும் இல்லை" என்றார். மேலிடத்துக்கு எழுதினார். மூன்று மாதம் விடை இல்லை. நாமும் கோப்பு நகர்த்திப் பிழைப்பவராதலால் அவர்மேல் வருத்தம் கொள்ளவில்லை. விதியில் இல்லாத ஒன்றுக்குக் கையெழுத்திட எந்தக் குமாஸ்தாவின் பேனாவும் தயங்கும். ஆகவே விண்ணப்பத்தை மாற்றி எழுதினோம். கண்காட்சி என்ற சொல்லையே நீக்கினோம். வாசகர் அறையின் வெற்றுச் சுவரில் பத்து நாள்களுக்குப் படங்களைத் தற்காலிகமாகத் தொங்கவிட அனுமதி வேண்டினோம். ஆணி அடிப்பதில்லை, விற்பனை இல்லை, மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, சேதத்துக்கு நாமே பொறுப்பு என ஐந்து உறுதிகளைக் கொடுத்தோம். நான்காம் நாள் அனுமதி வந்தது. அரசு அலுவலகங்களுக்கு விண்ணப்பம் எழுதுவோர் இதனைக் குறித்துக்கொள்வது நலம்.

ஆணியின்றி எவ்வாறு மாட்டுவது? பழைய கட்டடமாதலால் சுவரின் மேற்புறத்தில் ஒரு மரச்சட்டம் ஓடியது. அதிலிருந்து நூற்கயிறு இறக்கினோம். நம் எழுவருள் ஒருவர் ரயில்பெட்டி பழுதுபார்க்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்; மரத்தில் சிற்பம் செதுக்குபவர். அவர் மட்டக்கோல் வைத்து, ஒவ்வொரு படத்தின் நடுவும் நிற்பவரின் கண்ணுக்கு நேரே வருமாறு அமைத்தார். நாம் தலைக்குமேல் மாட்டப் பார்த்தோம். "அது சாமி படத்துக்கு, சார்" என்று தடுத்துவிட்டார். நீர்வண்ணம் வெயிலில் வெளிறும் என்பதால் சன்னலுக்கு எதிர்ச்சுவரை ஒதுக்கினோம். சுவரின் ஈரம் காகிதத்தில் ஏறாதிருக்கச் சட்டங்களின் பின்மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டினோம். பெரியவரின் இருபத்துமூன்றோடு, தையல் வேலை செய்யும் அம்மையார் ஒருவர் துணியில் ஊசியால் எழுதிய கோலங்களும், கல்லூரி மாணவி ஒருத்தியின் கரிக்கோல் முகங்களும், ஒன்பது வயதுச் சிறுவனின் ரயில்களும் சேர்ந்தன. அச்சிறுவன் எஞ்சினுக்கு எத்தனைச் சக்கரம் என்று நம்மைப் பலமுறை கேட்டுத் திருத்தினான். ஒருமுறை நாமே தவறாகச் சொல்லிவிட்டோம்.

பெயர்ச்சீட்டுகளை எம்மொழியில் எழுதுவது என்று நம்முள் சிறிது வாதம் நிகழ்ந்தது. தமிழ்ச்சங்கத்தார் முயற்சியாயிற்றே, தமிழில் எழுதுவோம் என்றார் ஒருவர். பெரியவர் அதற்கு விடை சொல்லாமல் தூரிகையை எடுத்து, முதலில் கன்னடம், அதன்கீழ் தமிழ், அதன்கீழ் ஆங்கிலம் என முப்பத்துநான்கு சீட்டுகளையும் ஒரே மாலையில் எழுதி முடித்தார். வாதம் அத்துடன் நின்றது.

இனி அந்தப் பத்து நாள்களைப் பற்றிக் கூறுவோம். நாம் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அழைப்பிதழ் கொடுத்த பெரிய மனிதர் எவரும் வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் நாள்தோறும் அங்கு வருபவர்களே. காலையில் பத்திரிகை படிக்க வரும் ஓய்வூதியர்கள், அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்குபவர்கள். முதல் நாள் பத்திரிகைக்கு மேலே கண்ணை உயர்த்தினார்கள். இரண்டாம் நாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஒருவர் எழுந்து சென்று ஒரு படத்தின் எதிரில் நின்று, "இந்த வீட்டில்தான் எனக்கு ஆங்கில வாத்தியார் இருந்தார்" என்று கன்னடத்தில் சொன்னார். மற்றொருவர் வந்து, அது அந்த வீடு அன்று, அடுத்த வீடு என்றார். இருவரும் வாதாடினர். வாசகர் அறையில் பேசலாகாது என்ற விதியை நூலகர் அப்பொழுது மட்டும் மறந்திருந்தார். பரிபாடலின் மண்டபம் நம் நினைவுக்கு வந்தது. தேர்வுக்குப் படிக்கும் ஓர் இளைஞர் ஒரு படத்தைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டார். அது அவருடைய பாட்டியார் வாழ்ந்த வீடாம். அவர் வளர்வதற்குள் இடித்துவிட்டார்களாம். வீட்டில் அதன் நிழற்படம் ஒன்றுகூட இல்லையாம்.

பெரியவர் ஐந்து நாள் வரை அப்பக்கம் வரவேயில்லை. ஆறாம் நாள் வந்து, வாசலோரத்து நாற்காலியில் ஒரு தினத்தாளை விரித்துக்கொண்டு, படம் எழுதியவர் தாம் என்று யாருக்கும் காட்டிக்கொள்ளாமல் அமர்ந்திருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எப்படியோ அறிந்து, அவரிடம் சென்று ஒரு படத்துக்கு விலை கேட்டார். உள்ளே விற்பனை கூடாது என்பது நிபந்தனையாதலால், நாம் இருவரையும் வாசலுக்கு வெளியே அழைத்துச் சென்றோம். பெரியவர் சற்று நேரம் யோசித்தார். பின்பு காற்றில் கையால் சாண் போட்டு அளந்து, "ஒன்றரைச் சதுர அடி வரும், அம்மா. சதுர அடிக்கு நூறு ரூபாய் வாங்குவேன். நூற்றைம்பது கொடுங்கள்" என்றார். நாற்பதாண்டுக் கடைப்பலகைக் கணக்கு! அம்மையார் திகைத்து நம்மைப் பார்த்தார். நாம் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று நமக்கே தெரியாது. அம்மையார்தாம், "ஐயா, இது பலகை அன்று. நான் யோசித்து ஒரு தொகை கொண்டுவருகிறேன், நீங்கள் மறுக்கக் கூடாது" என்றார். கொண்டுவந்த தொகையைச் சொல்ல நமக்கு அனுமதியில்லை. பெரியவர் அதைக்கொண்டு முதலில் வாங்கியது கரையான் ஏறாத இரும்பு அலமாரி ஒன்று.

பத்தாம் நாள் மாலை கயிறுகளை அவிழ்த்தோம். ஓய்வூதியர் ஒருவர், "எதற்காகக் கழற்றுகிறீர்கள்?" என்று சினந்து கேட்டார். அனுமதி முடிந்தது என்றோம். "அப்படியானால் மறுபடி கேளுங்கள்" என்றார். கேட்டிருக்கின்றோம். வரும் தை மாதத்தில் பதினைந்து நாள்களுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கின்றோம். இம்முறையும் கண்காட்சி என்ற சொல் அதில் இல்லை.

நம் காலனியில் இன்னும் எத்தனைக் கட்டில்களுக்கு அடியில் எத்தனைப் பெட்டிகள் இருக்கின்றனவோ நாம் அறியோம். படம் எழுதுபவர், கோலம் இடுபவர், மரம் செதுக்குபவர் எவராயினும் கார்த்திகை முடிவதற்குள் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு வேண்டுகின்றோம். சுவரின் நீளம் இருபத்திரண்டு அடிதான். ஆதலால் சட்டம் உள்பட ஒரு படம் இரண்டடிக்கு மேற்படலாகாது. கண்ணாடி போட்ட சட்டம் வேண்டா, கயிறு தாங்காது. பெயர்ச்சீட்டு எழுதும் பொறுப்பைப் பெரியவர் இப்பொழுதே ஏற்றுக்கொண்டுவிட்டார். தம் பெயரை எழுத மட்டும் இன்னும் இசையவில்லை. அதற்கு நாம் மீண்டும் ஒருமுறை சென்று கேட்க வேண்டும்.